மடு மாதாவும் இடம்பெயர்ந்தவள்தான்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறோம். கணவர் இல்லை. மகனுக்கு 15 வயது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கசிப்பு விற்கிறார்கள். இப்போது போதைத்தூளும் வருகிறதாம். போன மாதம் வாள்வெட்டும் நடந்தது. வவுனியாவில் இருக்கும் தங்கை, "இஞ்ச வந்திடு" என்று நிற்கிறாள். ஆண்டவரை நம்புகிறவள் பயந்து ஓடலாமா? பொழுதுபட்டால் படலையைப் பூட்டிவிட்டுச் செபமாலை சொல்கிறேன். "இவ்வளவு செபிச்சும் அந்த வீடு ஏனம்மா இன்னும் பூட்டுப்படேல்லை?" என்று மகன் கேட்கிறான்.
- ஒரு தாய்

பதில்: அன்புத் தங்கச்சி,

ஓடலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் போனதால்தான் மடுக்கோயிலே உண்டானது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை இயேசுவைக் காப்பாற்ற இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்ட சூசையப்பரை யார் கோழை என்றார்கள்?

ஆனால் போகலாம் என்பது வேறு, போகத்தான் வேண்டும் என்பது வேறு. வவுனியாவிலும் ஒழுங்கைகள் இருக்கின்றன, வாடகையும் இருக்கிறது.

எரேமியா ஆகமம் 32ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்து வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. ஊர் விழப்போகிறது என்று சொன்னதற்காகவே தீர்க்கதரிசி எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் அந்த மனிதர் அனதோத்தில் ஒரு வயல் வாங்குகிறார்! 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, உறுதி எழுதி, கனகாலம் பழுதாகாமல் இருக்க அதை மண்பானைக்குள் போட்டுவைக்கச் சொல்கிறார்.

இதை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு அம்மாதான் ஞாபகம். 2009இல் இடம் மாறி மாறிப் போகையில் சட்டி பானை, தையல் மெசின் எல்லாவற்றையும் விட்டார். காணி உறுதியை மட்டும் ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் சுற்றி, இடுப்பில் செருகியிருந்தார். பங்கருக்குள் மழைத் தண்ணீர் ஏறிய ஓர் இரவு, அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி விடியும்வரை நின்றார். அந்தக் காணியில் அப்போது வீடு இருந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மா எரேமியா வரைக்கும் வேதாகமம் வாசித்தவருமில்லை.

எருசலேம் விழுந்தது, தங்கச்சி. எரேமியா வயல் வாங்கியதால் அது தப்பவில்லை. இந்த மண்ணில் மறுபடி வீடும் வயலும் வாங்குவார்கள் என்பது மட்டும்தான் அவருக்குக் கிடைத்த வாக்கு. எனவே மகனிடம் மழுப்ப வேண்டாம். "செபிச்சால் அந்த வீடு பூட்டுப்படும் எண்டு ஆண்டவர் எனக்கு எழுதித் தரேல்லை" என்று நேராகச் சொல்லுங்கள்.

நீங்கள் செபிப்பதில் எனக்கு மறுப்பில்லை, படலைப் பூட்டில்தான் மறுப்பு. உங்கள் அன்பியத்தை, அதுதான் அயல் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழுவை, கிழமைக்கு ஒரு பின்னேரம் உங்கள் வீட்டில் கூட்டுங்கள். முற்றத்தில் லைற் எரியட்டும், பாட்டுச் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கட்டும். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் முற்றத்தைத் தாண்டிப் போய்ப் போத்தல் வாங்கக் கொஞ்சம் வெட்கப்படத்தான் செய்வார்கள். பக்கத்துச் சைவ வீடுகளையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், முறைப்பாட்டிலும் தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள். மாதர் சங்கம், பங்குத்தந்தை, கோயில் ஐயர் எல்லாரும் சேர்ந்து கிராம அலுவலரிடம் போங்கள்.

ஒன்று மட்டும். அந்த வீட்டுக்காரர் உங்கள் மகனை எதற்காவது கூப்பிட்டால், சாமான் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால், பொறுத்துப் பார்க்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். அவனைக் கொஞ்ச நாளுக்குத் தங்கை வீட்டில் விடுங்கள். அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தங்கை சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. போகவா இருக்கவா என்று அந்தப் பொடியனிடம் கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை.