கருத்தரங்கில் யாரும் காட்டாத சான்றிதழ்

அன்புள்ள சார்,

நான் ஒரு தாலுகா கோர்ட்டில் நான்கு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் பார் அசோசியேஷனில் புதிய குற்றவியல் சட்டங்கள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து பேச்சு தொடங்கும்போது மணி பதினொன்றரை. வந்தவர் பழைய பிரிவு எண், புதிய பிரிவு எண் என்று ஒரு அட்டவணையைத் திரையில் போட்டு, வரிவரியாக ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ. வெளியே வந்தபோது புதிதாக எதுவும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. என் சீனியர், "கேஸ் நடத்தினால்தான் தொழில் வரும், இதெல்லாம் வேண்டாத வேலை" என்கிறார். அமெரிக்காவில் இத்தனை மணி நேரம் வகுப்புக்குப் போனால்தான் வக்கீலாகத் தொடர முடியும் என்று கேள்விப்பட்டேன். இங்கேயும் அப்படிக் கட்டாயமாக்கினால் நிலைமை மாறுமா? நான் இந்தக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போகவேண்டுமா?

வி.

அன்புள்ள வி.,

போங்கள். ஏன் சொல்கிறேன் என்பதற்கு என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

2015-இல் ஒரு அம்மாவுக்காக உரிமையியல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கணவர் இறந்தபோது வந்த பணத்தில் மூன்று லட்சத்தைத் தெரிந்த ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். எழுத்து எதுவும் இல்லை. ஆனால் கடன் வாங்கியவர், "தருகிறேன், இரண்டு மாதம் பொறுங்கள்" என்று சொன்னதை அந்த அம்மாவின் மகன் போனில் பதிவு செய்திருந்தான். அதை ஒரு சி.டி.யில் ஏற்றி ஆவணமாகத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "65பி சான்றிதழ் எங்கே?"

என்னிடம் இல்லை. பதிவு எந்தக் கருவியில் எப்படி உருவானது என்று கையெழுத்துப் போட்டு உறுதி சொல்வதுதான் அந்தச் சான்றிதழ். சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி அது இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. சி.டி.யை நீதிமன்றம் ஒதுக்கியது, வழக்கு தோற்றது. மேல்முறையீட்டுக்குச் செலவு செய்ய அந்த அம்மாவிடம் பணம் இல்லை.

இதில் இன்றுவரை எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த வழக்கைத் தாக்கல் செய்வதற்குச் சில மாதம் முன்புதான், மின்னணுச் சாட்சியம் பற்றிய ஒரு முழு நாள் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் நிறையப் படித்தவர். 1872-இல் சாட்சியச் சட்டம் வந்த கதை, 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது 65ஏ, 65பி சேர்க்கப்பட்ட கதை, எல்லாம் சொன்னார். அன்வர் தீர்ப்பின் பெயரும் வந்தது, நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சான்றிதழ் எப்படி இருக்கும், யார் கையெழுத்துப் போடவேண்டும், எப்போது தாக்கல் செய்யவேண்டும் என்று ஒருவரும் ஒரு தாளை எடுத்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. என் நோட்டில் தீர்ப்பின் பெயர் இருந்தது, கேஸ் கட்டில் சான்றிதழ் இல்லை.

ஆகவே உங்கள் சீனியர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கேஸ் நடத்தித்தான் தொழில் வரும். ஆனால் தெரியாமல் கேஸ் நடத்தி நாம் கற்றுக்கொள்ளும்போது அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டுவது கட்சிக்காரர். என் விஷயத்தில் அது மூன்று லட்சம் ரூபாய்.

கட்டாயமாக்குவது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் இதை முதலில் தொடங்கியவை மின்னசோட்டா, அயோவா மாநிலங்கள், 1975-இல். இன்று பெரும்பாலான மாநிலங்களில் இது இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மூன்று வருடத்துக்கு 25 மணி நேரம், நியூயார்க்கில் இரண்டு வருடத்துக்கு 24. பிலிப்பைன்ஸில் மூன்று வருடத்துக்கு 36. தொழில் ஒழுக்கத்துக்கு இத்தனை மணி என்று அதற்குள்ளேயே தனிக் கணக்கும் உண்டு. இங்கிலாந்து அப்படியே எதிர்த்திசையில் போனது. அங்கே சொலிசிட்டர் என்ற வகை வக்கீல்களுக்கு வருடம் 16 மணி நேரம் கட்டாயமாக இருந்தது. 2016 நவம்பரில் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரும் தனக்கு எது தெரியவில்லை என்று யோசித்து, அதைச் சரிசெய்துகொண்டதாக ஆண்டுதோறும் உறுதி சொல்லவேண்டும். மணிக்கணக்கு வைத்தால் ஆட்கள் நாற்காலியை நிரப்ப வருகிறார்கள் என்பது அங்கே பலரும் சொன்ன குறை. நம் ஊரில் கட்டாயமாக்கினால் நடக்கப்போவதும் அதுதான் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு ஓடுவார்கள்.

அதற்காக இங்கே இருக்கும் நிலைமை சரி என்று சொல்லமாட்டேன். சட்டப் படிப்பு முடித்து, பதிவு செய்து, 2011 முதல் நடக்கும் அகில இந்திய பார் தேர்வை ஒரு தடவை எழுதித் தேறிவிட்டால், அதன்பிறகு நாற்பது வருடம் நம்மை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இத்தனைக்கும் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே கருத்தரங்குகள் நடத்துவது பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நீதிபதிகளுக்குச் சென்னையில் மாநில நீதித்துறை அகாதமி இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் அதன் மையங்கள் இருக்கின்றன. புதிய சட்டங்கள் வந்தபோது போலீஸுக்கும் தனியாகப் பயிற்சி நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்காகப் பேசுகிற வக்கீலுக்கு மட்டும் அவர் கைக்காசும் அவர் சனிக்கிழமையும்தான். வாதாடும் இரண்டு தரப்பில் ஒரு தரப்பு பயிற்சியோடு வருகிறது, இன்னொரு தரப்பு அட்டவணையோடு வருகிறது. இதை நான் நியாயமாகவே பார்க்கவில்லை.

அந்த அட்டவணைக்கு வருவோம். அது தேவைதான், மறுக்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு என்று கை தானாக எழுதிப் பழகியவர்கள் நாங்கள். இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.ஸில் கொலைக்கு 302 போய் 103. 302 இப்போது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. ஆனால் இதைப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தாளாகக் கையில் கொடுத்துவிடலாமே? மூன்று மணி நேரம் பேசவேண்டியது எண் மாறிய இடங்களைப் பற்றி இல்லை, உள்ளடக்கம் மாறிய இடங்களைப் பற்றி.

உதாரணத்துக்கு பி.என்.எஸ்.எஸ்.ஸின் 187-ஆவது பிரிவு. முன்பு போலீஸ் காவல் என்றால் ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இருபதாவது நாள் நீங்கள் பெயில் மனு போடுகிறீர்கள், "இன்னும் ஐந்து நாள் கஸ்டடி பாக்கி இருக்கிறது" என்று அரசுத் தரப்பு சொல்கிறது. என்ன பதில் சொல்வீர்கள்? இதை ஒரு மாதிரி ரிமாண்டு அறிக்கையை வைத்துக்கொண்டு, ஒருவர் அரசுத் தரப்பாகவும் ஒருவர் எதிர்த்தரப்பாகவும் நின்று பேசிப் பார்த்தால் அரை நாள் போதாது.

அல்லது அதே சட்டத்தின் 479. தூக்கோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் இல்லாதபோது, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடவேண்டும். வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது கிடைக்காது. புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே சொன்னது. சிறையில் உங்கள் கட்சிக்காரர் யாராவது அப்படி இருக்கிறாரா என்று கேஸ் கட்டுகளை எடுத்து நாள் எண்ணிப் பார்க்க ஒரு கருத்தரங்கு உங்களைத் தூண்டியிருந்தால், அது நல்ல கருத்தரங்கு. நான் வேறு அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை.

ஜூலை 2024-இல் நாமெல்லாம் இந்தச் சட்டங்களை எதிர்த்துக் கோர்ட்டைப் புறக்கணித்தோம். அவற்றின் இந்திப் பெயர்களைப் பற்றியும் போலீஸுக்குக் கூடிய அதிகாரத்தைப் பற்றியும் எனக்கு இன்றும் அதே கருத்துதான். ஆனால் எதிர்க்கிறோம் என்பதற்காகச் சிலர் அவற்றைப் படிக்காமலே ஒரு வருடம் ஓட்டினார்கள். அது தவறு. எதிர்ப்பவர்தான் அதிகம் படித்திருக்கவேண்டும்.

அப்புறம், மொழி. உங்கள் கடிதத்தில் "ஆங்கிலத்தில் வாசித்தார்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயம். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் சொல்கிறார், நாம் தமிழில்தான் குறுக்கு விசாரணை செய்கிறோம், போலீஸ் வாக்குமூலம் தமிழில் எழுதுகிறது. கருத்தரங்கு மட்டும் ஆங்கிலத்தில் நடந்தால், கை தூக்கிக் கேள்வி கேட்க வேண்டிய பையன் வாயைத் திறக்கமாட்டான். பிரிவின் வாசகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் இருக்கட்டும்.

அந்த வழக்கு தோற்ற பிறகு நாங்கள் ஏழு பேர் ஒரு நண்பரின் அலுவலக மாடியில் மாதம் இரண்டு வியாழக்கிழமை உட்கார ஆரம்பித்தோம். மேடை கிடையாது, டீ மட்டும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தாள்: ஒரு சார்ஜ் ஷீட், போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் ஒரு மகஜர், திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மனு. பெயர்களை மறைத்துவிட்டுக் கொண்டுவரவேண்டும். தன் மனு ஏன் ரிட்டர்ன் ஆனது என்று முப்பது வருட அனுபவமுள்ள ஒருவர் எங்கள் முன்னால் சொன்ன அன்று, எங்களில் இளையவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். நான் கற்றதில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

அதனால் பார் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் கேஸ் கட்டிலிருந்து வந்த கேள்வியாக இருக்கட்டும். நேரம் கொடுக்கவில்லை என்றால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். மேடையில் சொல்லாததைப் பலர் அங்கே சொல்வார்கள்.

கூடவே, உங்கள் ஊரில் இன்னும் நான்கு பேரைச் சேருங்கள். சேர்ந்ததும் எழுதுங்கள், ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன். முதல் தடவைக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.எஸ்.ஏ.வின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். பழைய 65பி-யின் இடத்தில் வந்தது அது. இப்போது இரண்டு பகுதி: முதல் பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்பவேண்டும், இரண்டாவதை ஒரு நிபுணர். ஹாஷ் மதிப்பும் எழுதவேண்டும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும், கணினி கணக்கிட்டுத் தரும் அடையாள எண். ஆளுக்கு ஒரு படிவம் கொண்டுவருகிறேன். நீங்கள் ஒரு போனும் லேப்டாப்பும் கொண்டுவாருங்கள். ஒரு ஆடியோ பதிவை எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பைக் கண்டுபிடித்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதுவரை செய்து முடித்துவிட்டுத்தான் டீ.

அன்புடன்