கொம்புச்சா போட எந்தப் பாத்திரம் நல்லது?

சர்க்கரை போட்ட டீத்தண்ணீரை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத் தரும் பானம்தான் கொம்புச்சா. கோத்தகிரித் தேயிலை இருக்கிறது, பாட்டி காலத்துப் பித்தளைக் குடமும் இருக்கிறது, அதிலேயே போடலாமா என்றால், வேண்டாம். புளிக்கப் புளிக்க அமிலம் ஏறும். அது உலோகத்தை அரித்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்குமே, அதே கதைதான். குழம்பாவது ஒரு ராத்திரி. இது சமவெளியிலேயே ஒரு வாரம், நீலகிரிக் குளிரில் இன்னும் கூடும்.

செம்பு, அலுமினியமும் ஆகாது. வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, மேலே நெருக்கமாக நெய்த துணி, ஒரு ரப்பர் பேண்ட், போதும்.

அப்புறம், பீங்கான் ஊறுகாய் ஜாடி என்றாலே பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஜாடியின் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருக்கலாம், அதுவும் புளிப்பில் கரையும்.