மூன்றாம் ஆண்டு மாணவி என் மகளுக்கு அம்மாவா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்ற வாரம் வீடியோ காலில், "எனக்கு இங்கே ஓர் அம்மா கிடைத்துவிட்டாள், அப்பாவும் சீக்கிரம் கிடைத்துவிடுவார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். விசாரித்தால், அந்த அம்மா அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. அப்பா என்பவனும் மாணவன்தான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து இருக்கிறதாம், அதற்கு ஒயின் பாட்டில் வாங்கிப் போக வேண்டுமாம். அன்றிலிருந்து என் கணவர் மகளிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. "படிக்க அனுப்பினோமா, தத்துக் கொடுத்தோமா?" என்று என்மீது பாய்கிறார். இது ராகிங்கா? அந்தப் பெண்ணின் போன் நம்பரை வாங்கி, என் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நானே பேசலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது புதிதாக முளைத்த கூத்து எதுவும் இல்லை. 1413ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் ஆணையால் பல்கலைக்கழகமாக அங்கீகரிக்கப்பட்டு, ஸ்காட்லாந்திலேயே மிகப் பழமையானதாக நிற்கும் அந்தக் கல்விக்கூடத்தில், மேல் ஆண்டு மாணவர்கள் புதிதாக வந்தவர்களைத் 'தத்தெடுக்கும்' வழக்கம் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதற்கு அங்கே அகாடமிக் பேமிலி என்று பெயர். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, டர்ஹம் ஆகிய இடங்களிலும் இதன் உறவுமுறைகள் உண்டு. ஆனால் கேம்பிரிட்ஜில் எந்தப் புது மாணவருக்கு யார் பெற்றோர் என்பதைப் பெரும்பாலும் கல்லூரி அளவிலேயே ஒதுக்கிவிடுவார்கள். கோடை விடுமுறையிலேயே 'அம்மா அப்பா'விடமிருந்து கடிதம் வந்துவிடும். செயின்ட் ஆண்ட்ரூஸில் அப்படி யாருக்கும் பெற்றோரை ஒதுக்கிக் கொடுப்பதில்லை. விடுதிச் சாப்பாட்டு மேசையிலோ, ஏதாவது ஒரு மாணவர் சங்கத்தின் முதல் கூட்டத்திலோ பேச்சுக்கொடுத்து, மனம் ஒத்துப்போனால், "எனக்கு மகளாக இருக்கிறாயா?" என்று மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்பாள். அவ்வளவுதான் சடங்கு. அந்த அம்மாவும் அப்பாவும் கணவன் மனைவி அல்லர். பல நேரங்களில் வெறும் நண்பர்கள். ஒரே அம்மாவுக்கு நான்கைந்து பிள்ளைகள் இருப்பதும், ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள் இருப்பதும் அங்கே சகஜம்.

இதனால் உங்கள் மகளுக்கு என்ன பயன் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவரின் கோபத்துக்கு வாதத்தைவிட இதுவே நல்ல பதில். நவம்பர் வாக்கில் அவளுடைய முதல் கட்டுரை திருத்தப்பட்டு வரும். அதில் 14 என்று போட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் இருபதுக்கு. பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிப் பழகிய பெண், இருபதுக்குப் பதினான்கு என்றால் நூற்றுக்கு எழுபதுதானே என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, இரவெல்லாம் தூங்காமல் அழுவாள். ஆசிரியரிடம் போய் இதைக் கேட்க வெட்கப்படுவாள். உங்களிடம் சொன்னால் நீங்களும் சேர்ந்து பதறுவீர்கள். அந்த மூன்றாம் ஆண்டுப் பெண்ணோ மதிப்பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில், "இதற்கா அழுகிறாய்? 13.5 தாண்டினாலே இங்கே மேல்நிலை இரண்டாம் வகுப்பு, 16.5 முதல் வகுப்பு, ஏழு எடுத்தால் பாஸ், போதாக்குறைக்கு முதல் ஆண்டு மதிப்பெண் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதும் இல்லை" என்று சொல்லி, ஒரு தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள். இந்தத் தகவல்கள் பல்கலைக்கழக இணையதளத்திலும் இருக்கின்றன. ஆனால் பதினெட்டு வயதில் அழுதுகொண்டிருக்கும் எவரும் இணையதளத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து படிப்பதில்லை.

இதுபோன்ற சிறிய சந்தேகங்கள் முதல் இரண்டு மாதங்களில் நூற்றுக்கணக்கில் வரும். ஊருக்குள் ரயில் நிலையமே கிடையாது, பக்கத்து லூக்கர்ஸில் இறங்கித்தான் வர வேண்டும். அரிசி பருப்பு வாங்க டண்டீ நகரத்துக்குப் போவதென்றால் 99ஆம் எண் பேருந்தில் ஏற வேண்டும். உடம்புக்கு வருவதற்கு முன்பே உள்ளூர் மருத்துவரிடம் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்போது காரணமே இல்லாமல் மனம் சோர்ந்தால் அது தனக்கு மட்டும் நேர்வதல்ல. இவற்றையெல்லாம் வரவேற்பு வாரக் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தாலும், இரண்டு குளிர்காலத்தை அங்கேயே கழித்த ஒருத்தி வாயால் சொல்லும்போதுதான் காதில் ஏறும்.

நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் சீனியர் அக்காக்கள் இதே வேலையைத்தானே செய்கிறார்கள்? பழைய நோட்ஸ் கொடுப்பது, எந்த ஆசிரியர் எப்படி என்று காதைக் கடிப்பது, முதல் வாரத்தில் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் கிடப்பவளைக் கையைப் பிடித்து மெஸ்ஸுக்கு இழுத்துப் போவது. நாம் அக்கா என்கிறோம், அவர்கள் ஒரு படி ஏற்றி அம்மா என்று வைத்துக்கொண்டார்கள். இதில் உங்கள் இடத்தை யாரும் பிடிக்கவில்லை.

ராகிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சீனியர் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதன் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் நம் தலைமுறைப் பெற்றோர் யாருக்கும் மறந்திருக்காது. அதனால் உங்கள் கேள்வியை அதீதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ராகிங்கையும் இந்தக் குடும்ப வழக்கத்தையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் குடும்பமே வேண்டாம் என்று இருப்பவர்களும், ஒரு குடும்பம் பிடிக்காமல் வேறொன்றுக்குப் போனவர்களும், அரைமனதாகப் பெயருக்கு இருந்துவிட்டு நவம்பரோடு மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்புக்கோ விடுதி வாழ்வுக்கோ இதனால் குந்தகம் வருவதில்லை. உங்கள் மகள் எப்போதாவது, "மறுத்தால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்" என்று பயந்த குரலில் சொன்னால், அந்த நிமிடமே அது நட்பு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அக்டோபர் விருந்து. அதற்கு ரெய்சின் வீக்எண்ட் என்று பெயர். தன்னை வழிநடத்திய மூத்த மாணவருக்கு நன்றியாக ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய நானூற்றைம்பது கிராம், உலர் திராட்சை கொடுப்பது பழைய வழக்கம். வாங்கிக்கொண்டவர் அதற்கு லத்தீன் மொழியில் ஒரு ரசீது எழுதித் தருவார். அந்த ரசீதில் பிழை இருப்பதை வேறொரு சீனியர் கண்டுபிடித்துவிட்டால், பாவம், ரசீதைச் சுமந்து வரும் புதியவர்தான் பழைய லத்தீன் மாணவர் பாடல் ஒன்றைப் பாடிக் காட்ட வேண்டும். இப்போது ஞாயிறு பிற்பகல் அம்மா வீட்டில் கேக், தேநீர், விளையாட்டு. மாலையில் அப்பா வீட்டில் கேளிக்கை. மறுநாள் காலையில் அம்மாக்கள் பிள்ளைகளுக்கு விநோதமான வேடம் கட்டிவிட, அப்பாக்கள் அந்த ரசீதைக் கையில் தூக்கவே முடியாத ஏதாவது ஒரு பெரிய பொருளில் எழுதிக் கொடுக்க, எல்லாரும் அதைச் சுமந்துகொண்டு கல்லூரிப் புல்வெளிக்குப் போய், சவரம் செய்யும் நுரையை ஒருவர்மீது ஒருவர் பீய்ச்சி அடித்துக்கொள்வார்கள். படித்த பிள்ளைகள் செய்கிற காரியமா என்று உங்கள் கணவர் கேட்கலாம். கேட்கட்டும், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் நம் கல்லூரிகளில் நடக்கும் ஆட்டம் பாட்டத்தையும் அவர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

உலர் திராட்சையின் இடத்தை ஒயின் பாட்டில் பிடித்துக்கொண்டதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை பல வீடுகளில் அளவு மீறிய குடி நடக்கிறது. மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட மாணவர்கள் உண்டு. இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் பதினெட்டு நிரம்பவில்லை என்றால், கடையில் ஒயின் வாங்குவதே அந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் "போகவே கூடாது" என்று நீங்கள் ஈரோட்டிலிருந்து உத்தரவு போட்டால், அவள் போவாள், உங்களிடம் சொல்ல மாட்டாள்; பிறகு அங்கே ஏதாவது தவறாக நடந்தாலும் சொல்ல மாட்டாள். அதைவிட, தான் குடிப்பதில்லை என்பதை விருந்துக்கு முன்பே, சிரித்த முகத்தோடு, அம்மாவாக வந்த அந்தப் பெண்ணிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் குடிக்காத பிள்ளை ஒன்றாவது இருக்கும், அவர்களுக்கு இது புதிதல்ல. ஒயினுக்குப் பதிலாகப் பழைய முறைப்படி உலர் திராட்சையே கொடுத்தால் போதும். மரபைக் காப்பாற்றியவள் என்ற பெயரும் கிடைக்கும். (அதை இங்கிருந்து பார்சல் அனுப்ப வேண்டாம், அந்த ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.) தன் விடுதியைச் சேர்ந்த தோழி ஒருத்தியோடு போவது, அவளோடேயே திரும்புவது, தன் கையால் ஊற்றிக்கொள்ளாததைக் குடிக்காமல் இருப்பது ஆகியவற்றையும் பேசி வையுங்கள்.

கேட்கக் கூச்சமான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா, அண்ணன் என்று பெயர் வைத்துக்கொண்டதால் எந்த ஆணும் உறவினனாகிவிடுவதில்லை. அந்தப் பெயரை மறைப்பாக வைத்துக்கொண்டு எல்லை மீறி நெருங்கப் பார்க்கும் சீனியர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், அங்கேயும் இருக்கிறார்கள். உறவுப் பெயர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதிகம் என்பதால், நம் வீட்டுப் பெண்கள் இந்த இடத்தில் சற்று ஏமாறக்கூடும். "அங்கே அப்பா என்றாலும் அவன் இருபது வயதுப் பையன்தான்" என்பதை ஒரு தாயாக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர் வைத்ததால் உறவாகிவிடுவதில்லை என்ற இதே காரணத்தால்தான், அம்மாவாக வந்த அந்தப் பெண்ணுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம் என்கிறேன். அவள் சம்பளம் வாங்கும் காப்பாளர் அல்லள், பயிற்சி பெற்ற ஆலோசகரும் அல்லள். தனக்கும் பரீட்சை இருக்கும் இருபது, இருபத்தொரு வயது மாணவி. முன்பின் தெரியாத ஒரு தாய் கடல் கடந்து அழைத்து, "என் பெண்ணை உங்களை நம்பி விட்டிருக்கிறேன்" என்றால், தாங்க முடியாத சுமையை அவள் தலையில் வைப்பதாகும். உங்கள் மகளுக்கும் அது தீராத அவமானமாகிவிடும், அதன்பின் அந்தக் குடும்பத்தில் அவளால் இயல்பாக இருக்க முடியாது. அவசரத்துக்கு ஓர் எண் வேண்டும் என்றால் மகளிடமே கேளுங்கள்; அவள் விரும்பிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்னால் வாங்கி வைக்க வேண்டியது அவள் தங்கியிருக்கும் விடுதியின் வார்டன் அலுவலக எண்.

பெரிய விஷயங்கள் எவையும் இந்தக் குடும்பத்தோடு முடிந்துவிடக் கூடாது. விசா பற்றிய சந்தேகம் வந்தால் சீனியரின் அனுபவத்தை நம்பக் கூடாது; பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு உரிய தகுதி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற மாணவர் விசா விதியை, "யாரும் பார்ப்பதில்லை" என்று எந்த அக்காவாவது தைரியம் சொன்னால் அதைக் காதில் வாங்கவே கூடாது. பணக் கஷ்டம், மனச்சோர்வு, யாராவது தொல்லை கொடுப்பது ஆகியவற்றுக்கு நார்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 999, அவ்வளவு அவசரமில்லாத உடல்நலப் பிரச்சினைக்கு 111. நல்ல அகாடமிக் அம்மா என்பவள், இப்படிப்பட்ட நேரத்தில் தானே தீர்த்துவைக்கப் பார்க்காமல், கூடவே நடந்து போய் அந்த அலுவலக வாசலில் விட்டுவிட்டு வருபவள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. மகள் இந்தச் செய்தியை மறைக்காமல் முதல் மாதத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவர் பேசாமல் இருந்தால் அடுத்த செய்தி வராது. அந்த அம்மா எந்த ஊர்க்காரி, என்ன படிக்கிறாள், சமைக்கத் தெரியுமா என்று அவரே விளையாட்டாகக் கேட்கட்டும்.

நடைமுறை விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நுரைச் சண்டை அங்கே முற்பகலில் நடக்கும். நமக்கு அது பிற்பகல். அந்த நேரத்தில் உங்கள் மகள் போன் எடுக்காவிட்டால் வார்டனை அழைத்துவிடாதீர்கள். நனைந்துவிடும் என்று போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பாள். நம் நேரம் ஆறு, ஏழு மணிக்குள் தலைக்குக் குளித்துவிட்டு அவளே கூப்பிடுவாள்.