அமைச்சர் போனால் என்ன, அதிகாரி இருக்கிறாரே!

கேள்வி: 2022-ல் மட்டும் பிரிட்டனில் மூன்று பிரதமர்கள், நான்கு நிதியமைச்சர்கள், ஐந்து கல்வி அமைச்சர்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் திறந்தது, பென்ஷன் வந்தது, ரயில் ஓடியது. அமைச்சர்கள் வெறும் பொம்மைகள், நிரந்தர அதிகாரிகள்தான் நாட்டை ஆள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: ரயிலை மட்டும் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஜூன் மாத வேலைநிறுத்த நாட்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வண்டிகள்தான் ஓடின. பென்ஷன் வந்தது உண்மை. அதற்கு அமைச்சர் தினமும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அங்கே அரசு ஊழியர்களில் சுமார் பாதிப் பேர் உதவித்தொகை, வரி, சிறை, பாஸ்போர்ட் என்று அன்றாடக் காரியம் பார்ப்பவர்கள். மேலே யார் உட்கார்ந்தாலும் அவர்களுடைய கவுன்ட்டர் திறக்கும். நின்றுபோவது, ஒருவர் முடிவெடுத்தால்தான் நகரும் கோப்பு.

கல்வியையே பார்ப்போம். ஜூலை 5 இரவு நதீம் ஜஹாவி நிதித் துறைக்குப் போக, மிஷெல் டோனலன் கல்வி அமைச்சரானார். 7-ம் தேதி காலை ராஜினாமா. இடையில் சுமார் 36 மணி நேரம். (விலகும் அமைச்சருக்கு ஆண்டுச் சம்பளத்தில் கால் பங்கு தரச் சொல்கிறது 1991-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி அவருக்கு வர வேண்டியது 16,876 பவுண்டு. தனக்கு வேண்டாம் என்றார். பிழைத்தது கஜானா.)

புது அமைச்சர் வந்ததும் துறைக்குள் என்ன நடக்கும்? முதல் நாளே கையில் ஒரு தடித்த குறிப்புக் கோப்பு: அந்த வாரமே முடிவு கேட்டு நிற்கும் விவகாரங்கள், நடக்கும் வழக்குகள், பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய தேதிகள். துறையின் உச்ச அதிகாரியான நிரந்தரச் செயலரோடு ஒரு சந்திப்பு. பிறகு தனிச் செயலர் வந்து கேட்பார்: குறிப்பு இரண்டு பக்கம் போதுமா, நான்கு வேண்டுமா? கோப்புகள் வைக்கும் சிவப்புப் பெட்டியை இரவு எத்தனை மணிக்கு அனுப்பட்டும்? சனி ஞாயிறும் வேண்டுமா? முந்தையவர் "யோசிக்கிறேன்" என்று ஓரத்தில் எழுதி வைத்த தாள்களெல்லாம் திரும்பி வந்து, புதியவர் மனம் பார்த்து மறுபடி எழுதப்படும். முந்தையவரின் சிறப்பு ஆலோசகர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. அவர்கள் நியமனம் அமைச்சரின் பதவியோடு முடியும் என்பது சட்டம். எந்த முடிவு என்ன அரசியல் கணக்கில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தவர்கள் அந்த இரண்டு மூன்று பேர்தான். ஜூலையில் இரண்டு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை என்று கல்வித் துறை இந்தக் கூத்தை நான்கு முறை ஆடியது.

பலனைக் கேளுங்கள். மே மாதம் பிரபுக்கள் சபையில் பள்ளிகள் மசோதா வந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு வைப்பது அதிலிருந்த நல்ல காரியம். ஆனால் முதல் 18 பிரிவுகள் அமைச்சர் கையில் அளவுக்கு மீறி அதிகாரம் கொடுக்கின்றன என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே எகிற, அரசே அவற்றை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. மாற்றுப் பிரிவுகளுக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய நாற்காலியில் ஆள் நிலைத்தால்தானே? டிசம்பரில் ஐந்தாமவர் ஜிலியன் கீகன் மசோதாவைக் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். அமைச்சர் மாறியது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். மசோதாவிலேயே ஓட்டை. அடைக்க ஆள் நிற்கவில்லை என்பதுதான் மாற்றத்தின் கைங்கரியம்.

வீட்டுவசதித் துறை இன்னும் மோசம். 2010 முதல் 2024 வரை 16 நியமனங்கள், அதில் லீ ரௌலி இரண்டு முறை. ஒரு குடியிருப்புத் திட்டம் மனுவிலிருந்து சாவி கைக்கு வருவதற்குள் மூன்று நான்கு அமைச்சர்களைப் பார்த்துவிடும்.

சரி, இந்த மாற்றங்களை எப்படிச் செய்கிறார்கள்? நியமிப்பது மன்னர், பெயர் சொல்வது பிரதமர். அறையில் ஒரு வெள்ளைப் பலகை, தலைமைக் கொறடா, நெருங்கிய ஆலோசகர்கள், பின்னணி சரிபார்க்கும் அதிகாரிகள். 2022-ல் நடப்பில் இருந்த 1975-ம் ஆண்டுச் சட்டங்களின்படி சம்பளம் பெறும் அமைச்சர் பதவி 109-ஐத் தாண்டக் கூடாது. காமன்ஸ் சபையில் 95 பேருக்கு மேல் அமைச்சராக இருக்கக் கூடாது. வேலை போகிறவரைப் பெரும்பாலும் பாராளுமன்றக் கட்டடத்திலுள்ள பிரதமர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள், கேமரா கண்ணில் படாமல். டவுனிங் தெரு வாசலில் சிரித்தபடி நுழைபவர்கள் பதவி பெறுகிறவர்கள்.

சிக்கல் எங்கே என்றால், இது சீட்டுக்கட்டுக் கோபுரம். ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம். 2018 ஜனவரியில் அன்றைய பிரதமர் தெரசா மே இலாகாக்களை மாற்றி அடுக்கியபோது, சுகாதாரத்தை விடமாட்டேன் என்று ஜெரமி ஹன்ட் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததோடு சமூகப் பராமரிப்பையும் பெயரில் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தார். ஜஸ்டின் கிரீனிங் கொடுத்த இலாகாவை மறுத்து விலகிவிட்டார். மேயின் பலம் எவ்வளவு என்று அன்று மாலைக்குள் நாட்டுக்கே தெரிந்துவிட்டது.

அவசரத்தில் பதவியையே ஒழிக்கப் பார்த்த கதையும் உண்டு. 2003 ஜூனில் டோனி பிளேர், நீதித் துறையைக் கவனிக்கும் பல நூற்றாண்டுப் பழமையான லார்ட் சான்சலர் பதவி இனி இல்லை என்று இலாகா மாற்றத்தோடு மாற்றமாக அறிவித்தார். அந்தப் பதவியின் பெயரில் எத்தனையோ சட்டங்கள் நிற்கின்றன, பிரபுக்கள் சபைக்குத் தலைமை தாங்குவதும் அவரே என்பது பிறகுதான் உறைத்தது. ஒழிக்க வந்த பால்கனர் பிரபுவே விக்கும் அங்கியும் மாட்டிக்கொண்டு அந்தச் சபைத் தலைவருக்கான கம்பளி மெத்தை ஆசனத்தில் போய் உட்கார வேண்டியதாயிற்று. 2005 சட்டம் அதிகாரங்களைப் பிரித்துக்கொடுத்தது. பதவி இன்றும் இருக்கிறது.

இனி உங்கள் "நிரந்தர" அதிகாரிக்கு வருவோம். நிரந்தரம் அவர் வேலைக்குத்தான், நாற்காலிக்கு அல்ல. ஒரே பதவியில் இருந்தபடி ஆண்டுதோறும் சம்பளம் ஏறும் முறையை 2010-களில் பெரும்பாலான துறைகளில் எடுத்துவிட்டார்கள். கூடுதல் சம்பளம் வேண்டுமா, காலி இடம் தேடி விண்ணப்பம் போடு. அதில் "இன்ன சூழலில் நான் இப்படி முடிவெடுத்தேன்" என்று பெரும்பாலும் 250 வார்த்தைக்குள் எழுத வேண்டும். பெயரை மறைத்து, ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். நான்கு வந்தால் தேறலாம். பாரபட்சமில்லாத முறைதான். ஆனால் பத்து வருடம் சிறை நிர்வாகம் பார்த்த அனுபவசாலியை, நன்றாக 250 வார்த்தை எழுதத் தெரிந்தவர் தோற்கடித்துவிட முடியும். போனவர் இடத்துக்கு விளம்பரம், வடிகட்டல், நேர்காணல், பாதுகாப்புச் சோதனை என்று மாதக்கணக்கு. ஆக, அமைச்சர் மாறிய அதே வருடம் கோப்பின் கதை தெரிந்த அதிகாரியும் மாறியிருப்பார்.

திறமை பார்த்து எடு, சிபாரிசு பார்க்காதே என்ற இந்த முறைக்கு வேர் 1854-ல் வந்த நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை. அது முழுமையாகச் சட்டமாவதற்கு 2010 வரை ஆயிற்று. அறிக்கை எழுதிய அதே சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859-ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். வருமான வரி கூடாது என்று தன் ஆட்சேபத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். 1860-லேயே திரும்ப அழைத்துவிட்டார்கள். வாய் திறக்காத அதிகாரி வர்க்கத்துக்கு வரைபடம் போட்டவர், வாய் திறந்ததற்காகவே வேலை இழந்தார்.

அரசு ஊழியர் எண்ணிக்கை தனிக் கூத்து. முழுநேரக் கணக்கில் 2016-ல் சுமார் 3,84,000 பேர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும் ஒன்றியம் பார்த்துவந்த வேலைகள் பிரிட்டன் தலையில் வந்தன, பிறகு கோவிட். 2024 மார்ச்சில் 5,10,000. நடுவில் 2022 மே மாதம் 91,000 பேரைக் குறைப்போம் என்றது ஜான்சன் அரசு. நவம்பரில் சுனக் அந்த இலக்கைக் கைவிட்டார். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினால் எண்ணிக்கை தானே குறையும் என்பார்கள். குறையும், ஆனால் வேண்டாத இடத்தில் அல்ல. ஆட்கள் வேகமாக வெளியேறுவது தொலைபேசி மையங்களிலும் சிறைகளிலும். அங்கேதான் காலி விழும், வரிசை நீளும். தலைமை அலுவலகத்தில் கொள்கைக் குறிப்பு எழுதுபவர் பத்திரமாக இருப்பார்.

அப்படியானால் ஆள்வது யார்? 2022 செப்டம்பரில் நிதியமைச்சரான குவாசி குவார்டெங், வந்த வாரமே நிதித் துறையின் நிரந்தரச் செயலர் டாம் ஸ்காலரை வீட்டுக்கு அனுப்பினார். அதே மாதம் 23-ம் தேதி, சுயேச்சையான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு இல்லாமலே வரிக் குறைப்பை அறிவித்தார். சந்தை ஆட்டம் கண்டது. 38-ம் நாள் அவரும் வீட்டில்.

அதிகாரியின் கையிலுள்ள பெரிய ஆயுதம் ஒரு கடிதம். செலவு சட்டத்துக்கும் நெறிக்கும் பொருந்துமா, பணத்துக்குப் பலன் உண்டா, நடக்கிற காரியமா என்று நிரந்தரச் செயலர் பார்க்க வேண்டும். தேறவில்லையென்றால் "எழுத்தில் உத்தரவிடுங்கள்" என்று அமைச்சரைக் கேட்பார். 2022 ஏப்ரலில், அனுமதியில்லாமல் வந்து புகலிடம் கேட்பவர்களை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு உள்துறையின் நிரந்தரச் செயலர் மேத்யூ ரைக்ராஃப்ட் அப்படித்தான் கேட்டார்: இது ஆட்களை வரவிடாமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது, பணத்துக்குப் பலன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அமைச்சர் பிரீத்தி படேல் எழுத்தில் உத்தரவு கொடுத்தார். ரைக்ராஃப்ட் திட்டத்தை நிறைவேற்றப் புறப்பட்டார். ஜூனில் கிளம்ப இருந்த முதல் விமானத்தை நிறுத்தியது ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 2024-ல் புது அரசு திட்டத்தைக் குப்பையில் போடும்வரை கட்டாயமாக ஒருவரும் அனுப்பப்படவில்லை. அந்தக் கடிதமும் பதிலும் அரசு இணையதளத்திலேயே வெளியாயின. படித்துவிட்டு, அதில் யார் பொம்மை என்று அடுத்த கேள்வியில் எழுதுங்கள்.