சாக்கில் உருளைக்கிழங்கு: இலை கொழுக்கிறது, கிழங்கு வைக்கவில்லையே?

கேள்வி: காரைக்குடியில் பங்கு வீட்டில் இருக்கிறோம். தோட்டம் கிடையாது, வளவில் (உள்முற்றத்தில்) ஒரு மூலையும் மொட்டைமாடியும்தான் எங்களுக்கு. போன மாசியில், முளைவிட்ட கடைக்கிழங்கை அரிசிச் சாக்கில் நட்டேன். செடி முழங்கால் உயரம் தழைத்தது. சாக்கைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுதான். "மலையில் விளைவதை இங்கே நட்டால் இப்படித்தான்" என்கிறார் அப்பத்தா. உண்மையா?

பதில்: அப்பத்தா சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் காலில்தான் நமக்கு வேலை.

உங்கள் கிழங்கைக் கெடுத்தது இரவுச் சூடு. இலையில் பகலெல்லாம் சமைத்த உணவை மண்ணுக்குள் இறக்கித்தான் செடி கிழங்கு கட்டுகிறது. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் அது ஒழுங்காக நடக்கும். சூடு ஏற ஏற, சமைத்ததைச் செடி சுவாசத்திலேயே செலவழித்துவிட்டுத் தண்டும் இலையுமாக வளரும். மாசியில் நட்ட செடி கிழங்கு வைக்க வேண்டிய நேரம் பங்குனி, சித்திரை. செட்டிநாட்டுச் சித்திரையில் மனிதருக்கே இரவில் தூக்கம் வராது.

ஆகவே கார்த்திகை முதல் வாரத்தில் நடுங்கள். மார்கழி பிறக்கும்போது கிழங்கு வைக்கத் தொடங்கும். நம் பக்கம் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான்.

ரகமும் பார்க்க வேண்டும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006இல் வெளியிட்ட குஃப்ரி சூர்யா வெப்பம் தாங்கும். விதைக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். கடைக்கிழங்கில் முளைப்பை அடக்கும் மருந்து ஏறியிருக்கலாம். ஊட்டிக் கிழங்கு சமையலோடு நிற்கட்டும். நீலகிரி மண்ணில் 1961இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு (உருளை வேரைத் தாக்கும் நுண்புழு), கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும்.

சாக்கை வளவில் வைக்காதீர்கள். அந்த மூலைக்கு ஆறு மணி நேர வெயில் எங்கே கிடைக்கும்? மாடிக்கு ஏற்றி, செங்கல் மேல் வையுங்கள். 25 கிலோ அரிசிச் சாக்கில் இரண்டு செடி போதும். சாக்கு வெள்ளையாக இருப்பது நல்லது, கறுப்புப் பையில் வேர் வெந்துவிடும். கார்த்திகை மழை தேங்கினால் விதை அழுகும். அடியில் பத்துத் துளையாவது போடுங்கள். செம்மண், மக்கிய சாணம், கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு. பழைய சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புக் காரையைத் தொட்டி மண்ணில் கொட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வேறு செடிக்கு எப்படியோ, உருளைக்கு ஆகாது. சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் மண்ணில் காரத்தன்மையை ஏற்றும். கிழங்குத் தோலில் சொறி பிடிக்கும்.

முட்டை அளவுக் கிழங்கை முழுதாகவே, நாலு விரல் ஆழத்தில் நடுங்கள். வெட்டினால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும், வெட்டுவாய் இரண்டு நாள் நிழலில் ஆறட்டும். முதலில் மூன்றில் ஒரு பங்கு மண் போதும். தண்டு ஒரு சாண் உயர்ந்ததும் பாதி உயரத்துக்கு மண் அணையுங்கள், பிறகு ஒரு முறை. மண் ஏற்ற ஏற்ற அடுக்கடுக்காகக் கிழங்கு வைக்கும் என்பார்கள், நம்பாதீர்கள். குறுகிய கால ரகங்கள் விதைக்குச் சற்று மேலே மட்டும்தான் வைக்கும். மண் அணைப்பது வெளிச்சம் படாமல் இருக்கத்தான். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சு ஏறும், பொடிமாஸுக்கு எடுக்காதீர்கள்.

விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

மாசியில் செடி பழுத்ததும் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேயுங்கள். தோல் உரியாவிட்டால் சாக்கைக் கவிழ்க்கலாம். செடிக்கு அரைக் கிலோ கிடைத்தால், மலையில்லாத ஊருக்கு அது நல்ல விளைச்சல். அந்த மண்ணில் உடனே தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்க வேண்டாம். மூன்றும் உருளையின் பங்காளிகள், நோயும் பொது. தண்டுக்கீரை தூவிவிடுங்கள்.