பங்க் பேராசிரியர் ஆவது எப்படி?

1970களில் எழுந்த கலகக்கார ராக் இசையான பங்க் இசையைப் பாடி, அதைப் பற்றி எழுதி, பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கும் ஒருவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் லண்டனில் பிறந்த விவியன் கோல்ட்மேன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்தின் மகள்.

அவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தத் துறைக்கு வரவில்லை. 1970களில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில், ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லிக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தார். அப்புறம் 'சவுண்ட்ஸ்' என்ற இசை வார இதழில் பங்க், ரெகே இரண்டைப் பற்றியும் எழுதினார். அந்த இரண்டு உலகமும் ஒரே தெருவில் வாழ்ந்ததை நேரில் பார்த்து எழுதியவர் என்பதுதான் அவருடைய பலம்.

1981இல் 'லாண்டரெட்' என்ற பாடலை வெளியிட்டார். காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பத்து பென்ஸ் சில்லறை தேவைப்படும்போது தொடங்கும் ஒரு காதல். அது கசந்தும் போகிறது. அடியில் ரெகேயிலிருந்து பிறந்த, எதிரொலி நிறைந்த டப் பாணியில் பேஸ் கிட்டார், மேலே கீறுவது போன்ற வயலின். கேட்டுப் பாருங்கள், இன்றும் பழசாகத் தெரியாது.

பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பங்க், ரெகே வகுப்புகள் எடுத்தார். 'பங்க் பேராசிரியர்' என்ற பெயர் நிலைத்தது அங்கேதான். பங்க் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து சொல்லும் 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஷீ-பங்க்ஸ்' நூல் 2019இல் வந்தது. அடையாளம், பணம், காதல், போராட்டம் என்று பிரித்திருக்கிறார். பணத்துக்குத் தனி அத்தியாயம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் முழு ஆல்பம்? 2021இல்தான்.