வாசகர் கேள்வி: பாப்பா சட்டைக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி: வணக்கம் அக்கா. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். என் பெண்ணுக்கு 2 வயது முடிந்துவிட்டது. அவளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளும், நான் மாசமாக இருந்தபோது வாங்கிய நைட்டி, குர்தியும் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. ஓசூரில் இருக்கும் என் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் தங்களுடையதையும் விற்றுத் தரச் சொல்கிறார்கள். வாங்கிய விலையில் பாதி என்று வைத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். சிலவற்றுக்கு "பழசுக்கு இவ்வளவா" என்கிறார்கள், சிலது அரை மணி நேரத்தில் போய்விடுகிறது, குறைத்து வைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. எப்படித்தான் விலை வைப்பது?

பதில்: தங்கச்சி, அந்தப் பாதி விலைக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது உங்கள் பில்லில் இருக்கிறது, வாங்க வருகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பெங்களூரில் ஒரு மாலில் 900 ரூபாய்க்கு எடுத்த கவுனை 450 என்று போடுகிறீர்கள், பார்க்கிற பெண்ணோ பஸ் ஏறிப் பர்கூர் போனால் ஜவுளிக் கடையில் புதுக் கவுனே 300, 350-க்குக் கிடைக்குமே என்று நினைக்கிறாள். அவள் நினைப்பதுதான் சரி. அதனால் ஒவ்வொரு உடுப்பையும் கையில் எடுக்கும்போது, இதே தரத்தில் புதுசு இன்று நம்ம ஊர்க் கடையில் என்ன விலை என்று கேளுங்கள். அந்த விலையில் மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பியுங்கள். லேபிள் எழுத்துகூட அழியாமல், ஒன்றிரண்டு முறை போட்டதாக இருந்தால் பாதிவரை போகலாம். கீழே எதுவரை இறங்கலாம் என்றால், தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் வருவார் இல்லையா, ஒரு மூட்டை துணிக்கு ஒரு தூக்குவாளி தருவார், அவர் கணக்குக்கு வந்துவிட்ட துணியைப் படம் எடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது வயசு. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கிற குழந்தை ஒரு வருஷத்தில் 75 ஆகிறது, எடையும் மூன்று மடங்காகிறது. அதனால் முதல் மூன்று மாதச் சட்டை பத்துப் பதினைந்து முறை போடுவதற்குள் சின்னதாகிவிடும், பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஆனால் அதற்குத்தான் விலை குறைவு. பேர் வைக்கிற அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த அளவில்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஒவ்வொரு வீட்டிலும் குவிந்து கிடக்கிறது. இதைத் தனித்தனியாக விற்காமல் ஐந்து ஜப்லா, இரண்டு தொப்பி, நாலு லங்கோடு என்று ஒரே கட்டாகப் போடுங்கள். மூன்று வயதுக்கு மேல் கதையே வேறு. பிள்ளை மண்ணில் புரளும், பேன்ட் முட்டி தேய்ந்துவிடும், நல்லதாக மிஞ்சுவதே குறைவு. தேயாத ஜீன்ஸ், நிறம் போகாத கவுன் அந்த அளவில் இருந்தால் தைரியமாகப் பாதி விலை சொல்லுங்கள்.

லேபிளில் இருக்கிற "6–12 மாதம்" என்பதை நம்பி விற்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. இஞ்ச் டேப் வைத்துத் தோளிலிருந்து கீழ்மடிப்புவரை எவ்வளவு, அக்குளுக்குக் கீழே அகலம் எவ்வளவு என்று அளந்து படத்தோடு போடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

விலை எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், ட்யூப்லைட்டில் தெரியாது. முதலில் கழுத்துப் பக்கம். பால் கக்கிய இடம் துவைத்தபோது சுத்தமாகத்தான் இருந்திருக்கும், பெட்டியில் ஒரு வருஷம் கிடந்தபிறகு மஞ்சளாக எழும்பி நிற்கும். அதைப் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து வெயிலில் போடுங்கள், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. தையல்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள், இல்லையென்றால் சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள். பிரஸ் பட்டன், மணி, ஒட்டுப் பூ எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆடுகிற பட்டனைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், விலை எதுவாக இருந்தாலும் அதைத் தைக்காமல் கொடுக்கவே கூடாது.

மாச உடுப்பு விஷயத்தில் நைட்டியை எதிர்பார்க்காதீர்கள். நாலு மாதம் தினமும் துவைத்த பருத்தி நைட்டியைக் காசு கொடுத்து யாரும் எடுக்க மாட்டார்கள், அதைக் கிழித்துப் பாப்பாவுக்குத் துணியாக வைத்துக்கொள்வது நல்லது. ஜிப் வைத்த ஃபீடிங் குர்தி, வயிற்றுப் பட்டை வைத்த பேன்ட், இவைதான் விற்கும், அதுவும் ஓசூரில் விற்கும். எட்டாவது மாதம்வரை வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே அதிகம், நாலு மாதத்துக்காக ஆயிரம் ரூபாய் குர்தி நாலு எடுக்க அவர்களுக்கும் மனசு வராது. ஜிப் பத்து முறை மேலும் கீழும் ஓடுகிறதா என்று பார்த்து 350, 400 சொல்லலாம். உள்ளாடை மட்டும் வேண்டாம்.

பட்டுப் பாவாடையில் நான் பட்ட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகளுக்கு அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு எடுத்தது, ஒரே நாள் உடுத்தியது. நல்ல பட்டு என்று 1,800 சொன்னேன், எட்டு மாதம் பெட்டியிலேயே கிடந்தது. ஒரு தையல்கார அம்மா பார்த்துவிட்டு, பாவாடையில் நீளத்தை உள்ளே மடித்துத் தைத்த டக் இரண்டு இருக்கிறதே, சட்டைக்குள்ளும் ஒன்றரை இஞ்ச் துணி விட்டிருக்கிறதே, இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று கேட்டார். டக்கைப் பிரித்தால் இன்னும் இரண்டு வருஷம் உடுத்தலாம் என்று எழுதி, உள்பக்கத்தைப் படம் எடுத்து, 1,100 என்று போட்டேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது, அன்றைக்கே போய்விட்டது. பழைய உடுப்பில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்பதற்குத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள், எத்தனை நாள் கழிந்தது என்பதற்கு இல்லை.

மற்றவர்கள் கொடுப்பதை விற்கும்போது கணக்கை முதலிலேயே பேசிவிடுங்கள், அக்காவாக இருந்தாலும் சரி. 150 ரூபாய்க்கு ஒரு கவுன் போகிறது, கொடுத்தவருக்கு 90, உங்களுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரி, சோப்பு, கவர் என்று 20 போனால் கையில் 40 நிற்கும். அதே பங்கில் 50 ரூபாய்ச் சட்டையை விற்றால் உங்களுக்கு வருகிற 20 செலவுக்கே சரியாகப் போய்விடும். அதனால் 100 ரூபாய்க்குக் கீழே எதையும் தனியாக விற்காதீர்கள், கட்டாகச் சேருங்கள். இரண்டு மாதத்தில் போகாததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், கார்த்திகை பிறந்தால் குளிர் தெரியும். ஸ்வெட்டர், குல்லாவை ஐப்பசிக் கடைசிவரை வெளியே எடுக்காமல் வைத்திருந்தால் கேட்ட விலை கிடைக்கும். ஆடியில் விசேஷ உடுப்பை விற்க வேண்டாம், கடையெல்லாம் தள்ளுபடி போட்டிருக்கும்போது பழசை யார் பார்ப்பார்கள்? ஒன்று மட்டும் கவனம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும்வரை, வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் விற்கிறவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, ஆனால் இதையே தொழிலாக எடுத்து எல்லை தாண்டிப் பெங்களூருக்கு அனுப்ப ஆரம்பித்தால் தொகை சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் இருக்கிற அத்திப்பள்ளி பக்கத்தில்தானே என்று நினைத்துவிடாதீர்கள்.

போட்ட அன்றே மூன்று பேர் கேட்டால் அடுத்த முறை அந்த மாதிரிக்கு 50 ரூபாய் கூட்டுங்கள். விற்றதை நினைத்து வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிள்ளை. செலவைக் குறைக்கலாம் என்று பழைய பாப்பா உடுப்பு ஒரு கட்டு வாங்கினேன். அடுத்தவர் பிள்ளை போட்டது ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். அதில் பாச்சை உருண்டை வாசனையும் அடிக்கிறது. என்ன செய்யட்டும்? – வாசகி, பாலக்கோடு

பதில்: அத்தையிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்மா, பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்தாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில் சுற்றுவதுதானே நம் வீடுகளில் பெரியவர்கள் செய்தது. பழந்துணி உறுத்தாது என்று அவர்களுக்கே தெரியும்.

பாச்சை உருண்டை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. நாப்தலீன் வாசனை ஏறிய துணியால் சில பச்சைக் குழந்தைகளுக்கு, அதிலும் ஜி6பிடி என்கிற என்சைம் ரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். அந்தக் குறைபாடு இருப்பது முன்கூட்டியே தெரியாமலும் போகலாம். கட்டை முழுதாகப் பிரித்து, துவைத்து, நாலைந்து நாள் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். அதற்குப் பிறகும் மூக்கில் லேசாக வாசனை ஏறினால்கூடப் பிள்ளைக்குப் போட வேண்டாம், கொடுத்தவரிடம் சொல்லிக் காசைத் திருப்பிக் கேளுங்கள். எடுத்து வைக்கும்போது காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள், போதும்.